மரகதம் அக்கா முடிக்காத வடக்குச் சுவர்

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். கைக்குழந்தை கண் அசந்தால்தான் எனக்குப் பேனா. மைசூரில் மரகதம் அக்காவிடம் மண்கல் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கும் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

செய்தி சுண்ணாம்புக் கடையில் கிடைத்தது. மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போன என் கணவரிடம் கடைக்காரர், "மரகதம்மா வேலைக்கா சார்? அவங்க ஞாயித்துக்கிழமையே போயிட்டாங்களே, கொள்ளேகால்ல. நெஞ்சுவலியாம்" என்றிருக்கிறார். வாங்கப் போனதை வாங்காமல் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

மனை பார்க்க வந்த அன்று அக்கா வரைபடத்தைப் பிரிக்கவே இல்லை. ஒரு பிடி மண்ணைப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தார். மறுநாள் அது மணல், வண்டல், களி என்று பட்டை பட்டையாகப் படிந்திருந்தது. "செங்கல்லுக்கு எதுக்குங் லாரி? உங்க வீடு உங்க காலடியிலயே கெடக்குது கண்ணு." அந்த மண்ணில் துளி சிமெண்ட் சேர்த்து, கை அச்சில் அழுத்தி, சூளையில் சுடாமலே கல்லாக்கினார். தோண்டிய குழி மழைநீர்த் தொட்டியானது. ஒரே குழியிலிருந்து சுவரும் தண்ணீரும்! இன்றும் எனக்கு அது மலைப்புதான்.

"மழையில கரைஞ்சுதுன்னா புள்ளைய எங்கம்மா போட்டுக்கிறது?" என்றார் மாமியார், பிறக்கப்போகும் பேரப்பிள்ளையை நினைத்து. அக்கா ஒரு கல்லை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் எடுத்துத் தரையில் வைத்து, "ஏறி நில்லுங்கம்மா" என்றார்.

"நான் கொஞ்சம் வெயிட்டும்மா."

"அதுக்குத்தானுங் உங்களக் கூப்பிட்டேன்."

கல் ஒரு பொருக்குகூட உதிரவில்லை. மாமியார் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

இதையெல்லாம் பார்த்த நான்தான் ஒரு தப்பைச் செய்தேன். பி.எஸ்ஸி. படித்தவள். குழந்தை பிறந்ததும் மழையைக் கண்டாலே நடுக்கம். அக்கா ஹனூரில் வேலையாக இருந்தபோது, வேறு ஆளை வைத்து குழந்தையின் அறையில் வெளிச்சுவர் இரண்டுக்கும் கெட்டியாகச் சிமெண்ட் பூசிவிட்டேன். அந்தப் பூச்சின் விரிசலில் இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே பூஞ்சையாகப் பூத்தது. மழைக்காலம் போனது, பூஞ்சை வாடையும் பிள்ளையின் மூச்சிளைப்பும் போகவில்லை.

போன மாதம் அக்கா வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். "இது மூச்சு விட முடியாமக் கெடக்குது. யாருங் பூசச் சொன்னது?"

"நான்தான் அக்கா. பயந்துட்டேன்."

"புள்ள பெத்தவ பயப்படாம வேற யாருங் பயப்படுவா? உளி எடுங்க."

இரண்டு சுவரிலும் சிமெண்டைக் கொத்தி எடுத்து, கிழக்குச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்புச் சாந்து பூசினார். "திங்கக்கெழம வந்து வடக்க முடிச்சுடறேன் கண்ணு" என்று பூச்சுக் கரண்டியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனவர்தான்.

கிழக்குச் சுவர் காய்ந்துவிட்டது. அதன் ஓரம் தொட்டிலை நகர்த்திய பிறகு பிள்ளை மூச்சிளைக்காமல் தூங்குகிறான். அந்தச் சுவரும் அந்தக் கரண்டியும்தான் அவர் எனக்கென்று விட்டுப்போனவை. வடக்குச் சுவர் தோல் உரிந்து நிற்கிறது, மழை நெருங்குகிறது. பயத்தில் மறுபடி எதையாவது பூசிவிடக் கூடாது. அவர் சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பார், மணல் எவ்வளவு சேர்ப்பார் என்று தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.