பொழுது சாய்வதற்குள் மேல்சித்தாமூர்

காலை ஏழரை மணிக்கு விழுப்புரம் ரயில் நிலையத்தில் இறங்கினேன். ஆவடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தர்மம் என்று சொல்லிக்கொண்டு யாராவது ரசீதுப் புத்தகத்தோடு படியேறினால் திட்டி அனுப்புகிற ஆள் நான். அப்படி ஒரு கும்பலைத் துரத்திய அன்றுதான் என் பட்டறையில் வேலை செய்யும் சாமுவேல் வாய் திறந்தான். "எல்லாரையும் வாயாலயே கிழிக்கிறீங்க. திண்டிவனத்துல எங்கக்கா சோறு போடுது. ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க முதலாளி." சரி, பார்த்துவிட்டே பேசுவோம் என்று கிளம்பினேன்.

சனிக்கிழமைகளில் அரிசி வாங்க விழுப்புரம் வரும் அவன் அக்கா எஸ்தர், அங்கே ஒரு சின்ன சபையின் வாசலில் அரிசி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், ஊரைக் கூட்டும் குரல். அந்தச் சபைப் பெண்கள் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். சேர்ந்ததைச் சனிக்கிழமை கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்தேன். பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி, யாரோ வசதியானவர் வீட்டுப் பிரியாணி அரிசி, எல்லாம் கலந்து கிடந்தது.

"இதை எப்படிம்மா ஒண்ணா வேக வைப்பீங்க? ஒண்ணு குழையும், ஒண்ணு நறநறன்னு நிக்கும்."

"மில்லுல வுட்டு நொய்யா ஒடைச்சிடுவோம்ணே. ஒடைஞ்சப்புறம் எல்லாம் ஒரே சாதிதான்" என்று சிரித்தார்.

எட்டரைக்குத் திண்டிவனம் பேருந்து. தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். மூட்டைக்கும் டிக்கெட் என்றார் நடத்துனர். "மூட்டைக்கு சீட்டு குடு, வாங்கிக்கிறேன்" என்றார் எஸ்தர். கடைசியில் மூட்டை இலவசமாகத்தான் வந்தது. சாலையின் இரு பக்கமும் வயல்களில் தண்ணீர் நின்றது. போன வாரம் பெய்த மழை. நட்டது அழுகிவிட்டது, களை எடுக்கவும் ஆள் கூப்பிட முடியாது. கூலிக்குப் போகிறவன் வீட்டில் அடுப்பு எரியாததற்கு இதைவிடக் காரணம் தேட வேண்டாம். டிவியில் மழை முடிந்த மறுநாளே இதையெல்லாம் மறந்துவிட்டார்கள்.

திண்டிவனத்தில் எஸ்தர் வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகைதான் சமையல்கூடம். போன வாரம் உடைத்த நொய்யும் பாசிப்பருப்பும் சேர்ந்து ஒரு பெரிய அண்டாவில் வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னத் தவலை. அது யாருக்கு என்று கேட்டேன்.

மேல்சித்தாமூர் பக்கம் ஒரு சமணக் குடும்பம். தரணேந்திரன், மனைவி பத்மாவதி, இரண்டு பெண் குழந்தைகள். அவர் நிலக்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் கூலி. மழையில் மில் மூடிக் கிடக்கிறது. சமையலறைச் சுவர் விழுந்ததில் அவர் கால் முறிந்தது, அடுப்பும் போனது. ஒரு நாளைக்கு இந்த ஒரு வேளைதான் அவர்களுக்குச் சோறு. வெங்காயம், பூண்டு, கிழங்கு கூடாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் உலை வைக்க வேண்டும். சூரியன் இறங்கிவிட்டால் வாயில் எதுவும் வைக்கமாட்டார்கள்.

"அவங்க ஆளுங்க யாரும் இல்லையா?"

"சொன்னா ஓடி வருவாங்கண்ணே. தெரிஞ்சவங்களாண்ட கை நீட்ட பத்மாவதிக்கு மனசு வரல. எங்களையே ஆட்டோக்கார முருகன்தான் இட்டுகினு போனான்."

ஒரு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். அப்போதுதான் அந்தக் கூத்து. அண்டாவுக்குத் தாளித்த பெண், பழக்க தோஷத்தில் மீதித் தாளிப்பைச் சின்னத் தவலையிலும் கொட்டிவிட்டாள். பூண்டு வாசனை தூக்கியது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எஸ்தர் குனிந்து முகர்ந்து பார்த்தார். தவலையைத் தூக்கி அண்டாவில் கவிழ்த்தார். "தவலைய நல்லா தேய். தண்ணி வடிகட்டு. மறுபடி வை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பசியில கெடக்கறவங்களுக்குப் பூண்டு இன்னாம்மா, வெங்காயம் இன்னா? பொறுக்கிப் போட்டுட்டு எடுத்துகினு போங்க. யாருக்குத் தெரியும்?"

"உங்க கொழம்புல ஒரு கருவாட்டுத் துண்டைப் போட்டுட்டு நான் சொல்லாம வுட்டா ஒத்துக்குவீங்களா?"

"நான் ஒத்துக்குவேன். இன்னொரு துண்டும் கேப்பேன்."

"அப்ப உங்களாண்ட கேட்டது என் தப்பு" என்று விறகைத் தள்ளினார். மழையில் நனைந்த விறகு. புகைந்ததே தவிர எரியவில்லை. கிளம்பும்போது மூன்றேகால்.

முருகனின் சரக்கு ஆட்டோவில் முன்னால் நானும் எஸ்தரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். செஞ்சி சாலை. மேல்சித்தாமூருக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். நேரே போனால் போதும் என்று நினைத்தேன். ஆனால் வழியில் கூட்டுரோட்டில் ஜனங்கள் பாத்திரத்தோடு மதியத்திலிருந்து காத்திருந்தார்கள். அவர்களை எப்படித் தாண்டிப் போவது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எஸ்தர் ஜெபம் செய்யாமல் கரண்டியை எடுப்பதில்லை. சின்ன ஜெபமும் இல்லை. இன்னார் மகளுக்குப் பிரசவம், இன்னாருக்குக் காய்ச்சல், ஒருவரின் ஆடு காணாமல் போனது வரை பேர் சொல்லிச் சொல்லிச் சாமியிடம் எடுத்துவைப்பார். எல்லா மதத்துக்காரர்களும் தலை குனிந்து நின்றார்கள். ஆட்டுக்காரர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, தன் ஆடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது நிறுத்தத்திலும் இதே கதை. நான் பொறுக்காமல், "ஏம்மா, அவரு மேல இருந்து எல்லாத்தையும் பாத்துகினுதானே இருக்காரு? ஜல்தியா முடிக்கக் கூடாதா?" என்றேன்.

"சார், அதைச் சொல்லி நானே ரெண்டு வருசமா திட்டு வாங்கிகினு இருக்கேன்" என்றான் முருகன்.

எஸ்தர் என்னை முறைத்தார். "சோத்தை மட்டும் போட்டுட்டு வந்தா அதுங்க கஷ்டத்தை யாருண்ணே காதுல வாங்கறது?" அவர் காதில் வாங்கித்தான் இருந்தார். ஒரு பேரும் தப்பவில்லை.

வல்லம் தாண்டித் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடியது. சுற்றிக்கொண்டு சேற்று வழியில் போனோம். முருகன் வாய்க்கு வந்தபடி சாலை போட்டவனைத் திட்டினான். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். வீடு கண்ணில் பட்டபோது மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. மல்லாட்டைக் கொல்லைக்கு அந்தப் பக்கம் சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது.

பத்மாவதி வாசலிலேயே நின்றிருந்தார். "வர மாட்டீங்கன்னு பசங்களைப் படுக்கச் சொல்ட்டேங்கக்கா" என்றார். உள்ளே தரணேந்திரன் கட்டுப்போட்ட காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். குழந்தைகள் படுக்கவில்லை, தட்டோடு உட்கார்ந்திருந்தன. தவலையை இறக்கியதும் எல்லோரும் தலை குனிந்து கை கட்டினார்கள். எஸ்தரின் வழக்கம் அவர்களுக்குத் தெரியும். "ஜெபம் பண்ணுங்கக்கா" என்றார் பத்மாவதி.

எஸ்தர் வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார். "ஜெபம் கெடக்கட்டும். கையக் கழுவுங்க, பொழுது போவுது."

குழந்தைகளுக்கும் கணவருக்கும் பத்மாவதி பரிமாறத் தொடங்கினார். எஸ்தர் கரண்டியைப் பிடுங்கினார். "நீ போட்டுகினு நின்னா நீ எப்ப துன்னுவ? உக்காரு."

"நீங்க போய் எனக்கு..."

"உக்காருன்றேன்."

உட்கார்ந்தார். சூடு ஆறாத நொய்ச் சோற்றை ஊதி ஊதித் தின்றார்கள். நான் வாசலில் நின்று சூரியனையும் அவர்கள் தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வாழ்க்கையில் எந்த வேலைக்கும் நான் இப்படிப் பதறியதில்லை. பத்மாவதி தட்டை வழித்துத் தண்ணீர் குடித்து எழுந்தபோது, கொல்லையின் ஓரத்தில் சூரியன் இன்னும் ஒரு கீற்று மிச்சமிருந்தது.

ஆட்டோவில் ஏறியதும் முருகன் கேட்டான்: "இன்னாக்கா, ஜெபத்தை வுட்டுட்டியே?"

"போய்க்கினே பண்ணலாம், வண்டிய எடு. அவரு எங்க போயிடப் போறாரு?"

காலித் தவலையை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கும் வண்டியில் கண்ணை மூடி அந்த நால்வர் பேரையும் சொல்லத் தொடங்கினார். முறிந்த கால், விழுந்த சுவர், மூடிய மில், எதையும் விடவில்லை. வெகுநேரம் ஆயிற்று. நான் குறுக்கே பேசவில்லை.

திண்டிவனத்தில் சென்னை பஸ் பிடித்தேன். முன்பு ஆவடியில் எங்கள் பகுதியில் வெள்ளம் வந்தபோது பெரிய மனிதர்கள் பொட்டலம் கொண்டுவந்தார்கள். போட்டோக்காரர் வரும்வரை எங்களை வரிசையில் நிறுத்தி வைத்தார்கள். சோறு ஆறிப் போனது. இந்த அம்மா, பசித்தவர்கள் தின்று முடிக்கும்வரை தன் கடவுளை நிறுத்தி வைத்தார். திங்கட்கிழமை பட்டறையில் சாமுவேலிடம் இதைச் சொல்ல வேண்டும். பயல் சிரிப்பான். சிரிக்கட்டும்.