ஹுஸ்னாவின் இரண்டு கைப்பேசிகள்

"ஒன்னா, ரெண்டா?"

பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்குப் போகும் ஏற்றத்தில், காட்டுப்பாதை பிரிகிற இடத்தில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றுகொண்டு ஹுஸ்னா கேட்கிறாள். பக்கத்தில் ஆள் இல்லை. கேள்வி தனக்குத்தான். சைக்கிள் கைப்பிடியில் இடப்பக்கம் ஒரு கைப்பேசி, வலப்பக்கம் ஒரு கைப்பேசி, இரண்டும் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. மலை ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான். செயலிகள் வேறு வேறு. இடப்பக்கத்துச் செயலி அவள் பாதையில் நிற்பதாகச் சொல்கிறது. வலப்பக்கத்தது, அவள் ஓடைக்குள் நிற்பதாகச் சொல்கிறது. ஹுஸ்னா குனிந்து காலணியைப் பார்க்கிறாள். காய்ந்துதான் இருக்கிறது. "ரெண்டாவது பொய் சொல்லுது" என்று முணுமுணுத்துவிட்டு, சட்டைப் பையிலிருக்கும் குட்டி நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு மறுபடி மிதிக்கிறாள்.

நாற்பத்தேழு வயது. ஆயர் ஈத்தாம் சந்தையிலிருந்து இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை. கல்லாவில் கணவர் முஸ்தஃபா. உள்ளறையில் கண் பரிசோதனை ஹுஸ்னாவின் பொறுப்பு. வந்து உட்காருகிறவரிடம் "எப்படித் தெரிகிறது?" என்று அவள் கேட்கவே மாட்டாள். அப்படிக் கேட்டால் எல்லாரும் "நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள் என்பது இருபத்திரண்டு வருட அனுபவம். கனத்த இரும்புச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது ஒன்னு, இது ரெண்டு. எது தெளிவு?" என்பாள். ஜெயித்த வில்லையோடு அடுத்த வில்லை மோதும். "அஞ்சையும் மொத்தமா வச்சுக் கேட்டா மனுசன் கொழம்பிப் போயிடுவான்லா. ரெண்டுன்னா உண்மை வந்துதான் ஆகணும்."

மலைப்பாதைகளைக் கண்டுபிடிக்கவும் பதிவு செய்யவும் எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன. அவற்றையும் இப்படித்தான் மோதவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, முக்காட்டை இறுக்கிக் கட்டி, அதன்மேல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினால், ஒரு சுற்று முடிந்ததும் செயலிகளைக் கைப்பேசி மாற்றித் திறந்து மறு சுற்று போவாள். "போன் தப்பா, ஆப் தப்பான்னு தெரியணும்ல" என்பது அவள் நியாயம்.

செயலிகளுக்கு அவற்றைச் செய்தவர்கள் வைத்த பெயரை அவள் மதிப்பதில்லை. தானே வைத்துவிட்டாள். ஏறியது இறங்கியது எல்லாவற்றையும் ஊரைக் கூட்டிச் சொல்லி, கைதட்டலும் வாங்கித் தருவது 'வாயாடி'. திரை அணைந்தால் தானும் தூங்கிப்போய், விழித்ததும் இரண்டு இடங்களுக்கு நடுவே நேர்கோடு இழுத்துவிடுவது 'மறதிக்காரன்'. "பாருங்க, பள்ளத்துக்கு மேல பறந்து போயிருக்கேன்" என்று அது வரைந்த படத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். சிக்னல் இல்லாத மூங்கில் சரிவில் வரைபடம் வேண்டுமென்றால் முதலில் சந்தா கட்டு என்று நிற்பது 'கஞ்சன்'. பார்க்க லட்சணமில்லாமல், சத்தம் போடாமல், போன பாதையை ஒரு பழுப்புக் கோடாக வரைந்து கைப்பேசிக்குள்ளேயே வைத்துக்கொள்வது 'அமுக்குணி'.

"ரெண்டு போனு கட்டிக்கிட்டுப் போறா. நான் கூப்பிட்டா ஒன்னுலயும் எடுக்க மாட்டா" என்று முஸ்தஃபா வாடிக்கையாளர்களிடம் புகார் வாசிப்பார். உள்ளறையிலிருந்து பதில் வரும்: "நீங்க கூப்பிட்டா கோடு அறுந்துடும்ங்க."

இதை ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஹுஸ்னாவுக்கு ஒரு கதவு திறந்தாக வேண்டும்.

அணைக்கட்டைத் தாண்டிய மலைச்சரிவில் ஷேக் அலாவுதீனுக்கு ஒரு டுரியான் தோட்டம் இருக்கிறது; ஊர்ப் பேச்சில் டூசுன். டவுனில் நாற்பது வருடம் மசாலா வியாபாரம் பார்த்துவிட்டு, கடையைப் பிள்ளைகளிடம் விட்டு மரங்களோடு வந்து குடியேறியவர். அந்தப் பக்கத்தில் ஏற்றம் குறைந்த வழி அவருடைய தோட்டத்து மண்பாதை ஒன்றுதான். மற்றது தார்ச்சாலை, நெட்டுக்குத்தான ஏற்றம், போதாக்குறைக்கு லாரிகள். மூன்று வருடத்துக்கு முன்பு ஹுஸ்னா நேரில் போய் அனுமதி கேட்டாள். "பழம் விழுற மாசத்துல மட்டும் டூசுன் பக்கம் வராத. மத்த நாள்ல போயிட்டு வாம்மா" என்றார். அவளையும் சேர்த்து ஆறு பெண்கள், எல்லாரும் நாற்பதைத் தாண்டிய பிறகு சைக்கிளைத் தொட்டவர்கள், அந்த மண்பாதையில்தான் மலை ஏறப் பழகினார்கள்.

ஒவ்வொரு சவாரியையும் ஹுஸ்னா வாயாடியில் பதிவு செய்தாள். இதை யாரெல்லாம் பார்க்கலாம் என்று ஆரம்பத்திலேயே அது கேட்டிருந்தது. அடுத்தவர் கண்ணில் கால் பாயின்ட் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள், அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமலே 'சரி' என்று அழுத்தியிருக்கிறாள். மூன்று வருடம் யாரும் சீண்டவில்லை. இந்த வருடம் வாயாடி, பினாங்கின் நல்ல பாதைகள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் அவள் கோடும், அவள் பெயரும்.

கோட்டுக்குப் பழக்காலம் தெரியாது. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு காலை, முன்பின் தெரியாத பதினோரு பேர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து சைக்கிளில் இறங்கினார்கள். மரத்துக்கு மரம் வலை கட்டியிருந்த நேரம். டுரியானை இங்கே பறிப்பதில்லை. தானாகப் பழுத்து விழுவதை வலை ஏந்திக்கொள்ளும். சைக்கிள்கள் பாய்ந்ததில் நான்கு மரத்து வலைகள் கிழிந்து தொங்கின. வேறு வலை கட்டுவதற்குள் விழுந்த பழமெல்லாம் மண்ணில் மோதிப் பிளந்து வீணாயின.

அலாவுதீன் சத்தம் போடவில்லை. மறுநாள் கடைக்கு வந்து, கிழிந்த வலைத்துண்டு ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "இவங்க ஒன்னோட ஆளுங்களாம்மா? போன்ல ஒன் பேரத்தான் காட்டுனானுங்க" என்றார். அன்று மாலை தோட்டத்து வேலிக் கதவில் பூட்டு தொங்கியது. தார்ச்சாலையில் ஏற முடியாமல் நான்கு பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள். ஆறு பேர் குழு இரண்டு பேராகிவிட்டது.

அழுது முடித்த பிறகு நோட்டை எடுத்தாள். அந்தப் பாதையில் போய்த் தாங்களும் பதிவு போட்டவர்கள் முப்பத்தொரு பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள்: தப்பு என்னுடையது, இது ஒருவருடைய தோட்டம், தயவுசெய்து உங்கள் பதிவை அழித்துவிடுங்கள். இருபத்துநான்கு பேர் உடனே அழித்தார்கள். ஐந்து பேர் மூன்றாவது கடிதத்துக்கு மசிந்தார்கள். கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் ஒருவர் பதிலே போடவில்லை. ஹுஸ்னா ஃபெரி ஏறிப் போய், அவருடைய சைக்கிள் கடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் அழிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மிச்சமிருந்த நிபோங் திபால் ஊர்க்காரருக்கோ கடவுச்சொல்லே மறந்துபோயிருந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதை மீட்டுக் கொடுத்து, அழிக்க வைத்து, அவர் மனைவி போட்ட தேநீரையும் குடித்துவிட்டு வந்தாள்.

இனிமேல் எதில் பதிவு செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதற்குத்தான் இந்த இரண்டு கைப்பேசிகள். எட்டு ஞாயிறு. காட்டுக்குள் சிக்னல் போனாலும் வழி காட்டுமா, நிற்கிற இடத்தைச் சரியாகச் சொல்லுமா, முக்கியமாக வாயை மூடிக்கொண்டு இருக்குமா? வாயாடிக்கும் நியாயமாக ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். எல்லாவற்றையும் மறைத்துப் பூட்டி வைத்தாள். வேறொரு கைப்பேசியில் அதை ஏற்றியதும் சில பூட்டுகள் தாமாகவே திறந்துகொண்டன. நோட்டில் அதற்கு நேரே நீளமாக ஒரு கோடு விழுந்தது. வேறு யாரோ போட்ட பாதை எதையாவது செயலியில் கண்டுபிடித்தாலும் இப்போதெல்லாம் சைக்கிளை எடுப்பதில்லை. முதலில் நடந்து போய், இது யார் நிலம் என்று விசாரிப்பாள். "கோடு இருந்தா வழி இருக்குன்னு அர்த்தமில்ல" என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கும்.

கடைசி ஞாயிறு அமுக்குணி ஜெயித்தது. குழுவில் மிச்சமிருந்த ஒரே தோழி துஷ்யந்திக்கு அது பிடிக்கவில்லை. டவுனில் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கோபம் வந்தால் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு வெளியே வரும்.

"உங்களுக்கு என்ன விசரா அக்கா? ஊரே வாயாடியிலதான் இருக்கு. இதுல ஏறினா யாருக்குத் தெரியும்?"

"நமக்குத் தெரியும்."

"கைதட்ட ஒரு ஆள்கூட இல்ல."

"நீ ஏறு, நான் தட்டுறேன்."

துஷ்யந்தி அணைக்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "சரி, ஏத்துங்க" என்று கைப்பேசியை நீட்டினாள். ஹுஸ்னா அமுக்குணியை ஏற்றிவிட்டு, அதன் அமைப்புகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்டினாள். துஷ்யந்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

ஆகஸ்ட் கடைசியில், வலை இறக்குகிற நேரமாகப் பார்த்து, நோட்டையும் எடுத்துக்கொண்டு ஹுஸ்னா தோட்டத்துக்குப் போனாள். அலாவுதீன் கொட்டகையில் உட்கார்ந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு பேர் கதை, எட்டு ஞாயிறு, அமுக்குணி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஆப்பு எதுவா இருந்தா எனக்கென்னம்மா. அத்தனை பேரயும் அழிக்க வச்சுட்ட, சரி. ஒன்னோடது?"

"மறைச்சு வச்சிருக்கேன் மாமா. இப்ப யாருக்கும் தெரியாது."

"மறைச்சு வச்சிருக்கியா, இல்லாம ஆக்கிட்டியா?"

சமாளிக்க வழி இருந்தது. அந்தப் பூட்டு எவ்வளவு லேசாகத் திறந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்; அவள் கையாலேயே சோதித்து எழுதியிருக்கிறாள். மூன்று வருடத்துச் சவாரிகள், ஐம்பத்தேழு. அடுத்தவர் கோட்டை அழிக்கக் கடல் தாண்டிப் போனவள், தன்னுடையதை மட்டும் பொத்தி வைத்திருந்திருக்கிறாள்.

அங்கேயே பலகையில் உட்கார்ந்து வாயாடியைத் திறந்தாள். மொத்தமாக அழிக்க வசதி இல்லை, ஒவ்வொன்றாகத்தான். ஒவ்வொன்றுக்கும் அது கேட்டது: நிச்சயமாக அழிக்கவா, பிறகு திரும்பப் பெற முடியாது. மழையில் துஷ்யந்தி சறுக்கி விழுந்து, எழுந்து, சிரித்த நாள் போனது. ஆறு பேரும் முதன்முதலாக ஒன்றாக உச்சிக்கு வந்த நாள் போனது. தோட்டத்தில் எங்கேயோ பிந்திப் பழுத்த ஒரு பழம் வலையில் தொப்பென்று விழுந்தது. அலாவுதீன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"எத்தனம்மா ஆச்சு?"

"முப்பத்திரண்டு."

"போதும் விடு. நான் நம்புறேன்."

"இன்னும் இருக்கு மாமா."

அவர் உள்ளே போய், கதவுச் சாவியை எடுத்துவந்து பலகையில் அவள் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு நாள்ல வலையெல்லாம் எறக்கிடுவோம். அடுத்த ஞாயித்துக்கெழம எல்லாரயும் கூட்டிக்கிட்டு வா." ஹுஸ்னா தலையாட்டினாள். சாவியைத் தொடவில்லை. விரல் வேலையைத் தொடர்ந்தது.

கடைசியில் ஒரே ஒரு சவாரி மட்டும் நின்றது. அதற்கு அவளே வைத்திருந்த தலைப்பு, 'இறங்கவே இல்ல'. அணைக்கட்டிலிருந்து தோட்டத்து உச்சிவரை, ஓரிடத்தில்கூடச் சைக்கிளை விட்டு இறங்காமல் முதன்முதலாக ஏறிய நாள். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். அதன் கீழே முஸ்தஃபா எழுதியிருந்தார்: 'மாஷா அல்லாஹ். கடைய எப்ப தொறக்குறது?' ஹுஸ்னா அதைப் படித்துச் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே கண் கலங்கியது. கைப்பேசியை அலாவுதீனிடம் நீட்டினாள்.

அவர் அதைத் தள்ளிப் பிடித்து, தம் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இத வச்சுக்கம்மா. ஒன்னுதானே. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

"வழி தேடி வர்றவனுக்கு ஒரு கோடு போதும் மாமா."

கைப்பேசியைத் திரும்ப வாங்கினாள். அது வழக்கம்போல் நிச்சயமா என்று கேட்டது. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பொடி எழுத்தைக் கடைசி வரை படித்துவிட்டு, அழுத்தினாள். பிறகுதான் சாவியை எடுத்தாள்.