தீபாவின் பிறந்த தேதி

காலை ஓ.பி. முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா ஒரு தூக்கு நிறைய வேகவைத்த மல்லாட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். செடியிலிருந்து பறித்த ஈரத்தோடு உப்புப் போட்டு வேகவைத்தால் கொஞ்சம் மண் வாசனையும் சேர்ந்தே வெந்திருக்கும். நர்ஸம்மாவின் மகள் இந்த வருடம் நீட் எழுதியிருக்கிறாள். கட்ஆஃப் போன வருஷத்தைவிட ஏறுமா என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். டாக்டருக்கே தெரியாதா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வருடத்துக் கட்ஆஃப்தான். அதை நினைக்காமல் என்னால் மல்லாட்டை உரிக்க முடிவதில்லை.

தீபாவின் பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்குச் சமமாக மல்லாட்டை இருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம் அவளுக்கு. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். நான் வேங்கிக்கால், என் அப்பா ஆபீஸ் குமாஸ்தா. திருவண்ணாமலையில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் இருந்தோம். டீச்சர் பாடம் நடத்தும்போதே சத்தம் வராமல் உரிக்கத் தெரிந்தவள் அவள். நான் உரித்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். வெளியே போய் நிற்பதும் நான்தான்.

டாக்டர் ஆசையும் முதலில் அவளுடையதுதான். நான் புத்தகத்தில் கரப்பான்பூச்சி படம் வந்தாலே பக்கத்தைத் திருப்பிவிடுகிறவள். அவளோ, ஊரில் ஆடு அறுக்கிற இடத்தில் நின்று இதயத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்து, பெஞ்சு மேல் சாக்பீஸால் எனக்கு வரைந்து காட்டுவாள். "பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சிக்கோ. இது உள்ள வர்ற வழி, இது வெளிய போற வழி. வழிய மாத்திப் போனா ஊரே நின்னுடும்." மருத்துவக் கல்லூரியில் பெரிய பெரிய பேராசிரியர்கள் இதயத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார்கள். பரீட்சையில் எனக்கு ஞாபகம் வந்ததென்னவோ திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுதான்.

அப்போது நீட் கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் எல்லாம். உயிரியல் மார்க்கில் பாதி, இயற்பியலிலும் வேதியியலிலும் கால் கால் எடுத்துக் கூட்டினால் வருவது கட்ஆஃப். புள்ளிக்குப் பின்னால் வருகிற இலக்கத்தில் ஆயிரம் பேருடைய வாழ்க்கை கிடக்கும். ரிசல்ட் வந்த அன்று பிரவுசிங் சென்டரில் இரண்டு பேருடைய மார்க்கையும் பார்த்த கடைக்காரர், ஒரே நம்பரைத்தான் இரண்டு தரம் போட்டுவிட்டோமோ என்று மறுபடி தட்டிப் பார்த்தார். உயிரியலில், இயற்பியலில், வேதியியலில், கணக்கில்கூட ஒரே மார்க். ஒருத்தியே இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்துப் படித்தால் அப்படித்தான் ஆகும்போல.

ரேங்க் பட்டியலில் நான் ஒரு படி முன்னால் இருந்தேன், அவள் அடுத்து. எல்லா மார்க்கும் சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முதலிடம் என்று விதி. அன்றைக்கு அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு வாரம் முழுக்க என்னை "அக்கா, வாங்கக்கா" என்று கூப்பிட்டுத் தொல்லை செய்தாள்.

ஏனென்றால் மூத்தவள் அவள். பெயரைப் பார்த்தாலே தெரியும். மலைமேல் தீபம் ஏற்றிய அன்றைக்குப் பிறந்தவள், அதனால் தீபா. நான் அடுத்து வந்த பங்குனியில் பிறந்தவள். ஆனால் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது அவள் அப்பா, எனக்கும் பின்னால் வருகிற ஜூன் மாதத்தில் ஒரு தேதியைச் சொல்லியிருந்தார். வயதைக் குறைத்துப் போட்டால், நாளைக்குப் பிள்ளை கவர்மெண்ட் வேலைக்குப் போகும்போது சர்வீஸ் ஜாஸ்தி கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தானே படிக்காத மனிதர், மகள் ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் யோசித்திருக்கிறார்.

முதல் கவுன்சலிங்கில் எங்கள் பிரிவு இடங்கள் எங்களுக்குச் சற்று முன்னாலேயே தீர்ந்துவிட்டன. இரண்டு பேருமே காத்திருப்போர் பட்டியலில். இரண்டாம் சுற்றுக்குக் காத்திருந்த அந்த நாட்களில் ஒரு பௌர்ணமிக்கு, வெயில் தாழ்ந்ததும் மலை சுற்றக் கிளம்பினோம். அடி அண்ணாமலை தாண்டும்போது நான் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சீட்டுன்னு கேளுடி. ஒண்ணு குடுத்தா நமக்குள்ள பங்கு போட முடியாது" என்றாள். நான் அப்படித்தான் கேட்டேன்.

இரண்டாம் சுற்றுக்கு இரண்டு அப்பாக்களோடும் சென்னைக்குப் போனோம். கூடத்தில் ஒரு பெரிய திரையில் மீதமிருந்த இடங்கள் தெரிந்தன. ஒவ்வொருவராக உள்ளே போகப் போக எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. எங்கள் பிரிவுக்கு நேராக ஒன்று என்று வந்து நின்றபோது என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். தீபாதான் என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"போடி. கூப்புட்றாங்க."

நான் திரும்பி வந்தபோது திரையில் பூஜ்ஜியம் இருந்தது. அவள் அப்பா வெளியே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "தீபத்தன்னிக்குப் பொறந்துச்சுங்க இந்தப் புள்ள. ஊருக்கே தெரியும். நான்தாங்க வாய வச்சிக்கினு சும்மா இல்லாம மாத்திச் சொல்லிட்டேன்." என் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படவும் முடியாமல், ஆறுதல் சொல்லவும் தெரியாமல், அந்த முகத்தோடு என் அப்பாவை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் தீபா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். செஞ்சி வரைக்கும் தூங்குவதுபோல் இருந்தாள். பிறகு, ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தொடங்கினாள்.

மறுபடி எழுதி மார்க்கைக் கூட்டினாலும் அது மருத்துவத்துக்குச் செல்லாது. தேதியை மாற்றுவதற்காக அவள் அப்பா எங்கெங்கோ அலைந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்று போன இடத்தில் எல்லாம் சொன்னார்கள். அவள் அடுத்த வருடம் விலங்கியல் சேர்ந்தாள். தொடக்கத்தில் ஹாஸ்டலுக்குப் போன் செய்து, இன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று கேட்பாள். பிணத்தை முதன்முதலாகத் தொட்டதைச் சொன்னபோது என்னைவிட அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. சொல்ல எனக்குக் கூச்சமாகிக்கொண்டே வந்தது. கேட்பதற்கு அவளுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். படிப்பு முடிந்த கையோடு கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தபோது இதே ஓ.பி.க்கு அவள் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வரிசையில் நின்று, முறை வந்த பிறகுதான் உள்ளே வந்தாள். "மேடம், அப்பாவுக்கு ரெண்டு நாளா மூச்சு வாங்குதுங்க" என்றாள். மேடமா என்று நான் எழுந்தேவிட்டேன். அவள் பின்னால் நின்ற கூட்டத்தைக் கண்ணால் காட்டி, "எல்லாரும் இருக்காங்க இல்ல" என்றாள் மெதுவாக.

பெரியவருக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. என்னை மட்டும் அடையாளம் தெரிந்தது. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னேன். இழுத்தவர், விடாமல் என் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தேதிய இப்ப மாத்த முடியுமாம்மா? நீதான் டாக்டராயிட்டியே. நீ எழுதிக் குடுத்தா ஒத்துக்குவாங்க இல்ல?"

"அப்பா, கம்முனு இருப்பா" என்றாள் தீபா.

நான் மறுபடியும் அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் அந்த மழைக்காலம் தாண்டவில்லை. அவள் அம்மா முன்பே போய்விட்டிருந்தார். மல்லாட்டை விளைந்த நிலத்தில் இப்போது பிளாட் கற்கள் நட்டிருக்கிறார்கள். அந்தக் கட்ஆஃப் முறையும் போய், எங்களை முன்பின்னாக நிறுத்திய அந்தப் பட்டியலை இன்றைக்கு யாரும் தேடுவதில்லை.

போன தீபத்தன்று அவளுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். அம்மாவுக்கு இன்றைக்குப் பிறந்தநாள், கொடு, வாழ்த்துச் சொல்லணும் என்றேன்.

"இல்லிங்க ஆன்ட்டி, அம்மாவுக்கு பர்த்டே ஜூன்ல. கேக்கெல்லாம் வெட்டினோமே" என்றாள் குழந்தை.

"ஆமாம்மா, நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.