குழி குடிச்ச மழை

மழைத்தண்ணிக்குக் குழி வெட்டுறவனை வெயில் காலத்துல யாரும் நம்ப மாட்டாங்க, மழைக் காலத்துல சும்மா விட மாட்டாங்க. இந்தத் தொழில்ல என்னை மாதிரி அல்லாடினவங்களே, உங்களுக்காகத்தான் சொல்றேன்.

என்ன வேலை?

வூட்டுக்கு வூடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சர்க்காரு உத்தரவு போட்ட புதுசு. விருத்தாசலம் பஸ்ஸுல பக்கத்து சீட்டு கம்மாபுரத்துக்காரரு என்ன வேலைன்னு விசாரிச்சாரு. "குழி வெட்டுறேங்க"ன்னு பெருமையாச் சொன்னேன். மனுஷன் பையைத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு நகந்து உக்காந்து கேட்டாரு: "எந்தச் சுடுகாட்டுலங்க?"

ஒடசல்

செல்வி பீங்கான் பொம்மை செய்யிற பொண்ணு. மழை பேஞ்சா தெருத்தண்ணி முழுக்க அவ கொட்டாய்க்குள்ளதான் பூரும். சூளையில வைக்காத பொம்மை வெறும் பச்சை மண்ணு, தண்ணி பட்டா கரைஞ்சிடும். கொலுவுக்கு ஆர்டர் எடுத்த செட்டு மொத்தமும் தரையில காஞ்சிக்கிட்டிருந்துச்சு. "ஒரு சொட்டு உள்ள வராதும்மா, நானாச்சு"ன்னு வாயை விட்டுட்டேன்.

வாசல்ல ஆழமா வெட்டி, "ஜல்லிக்குப் பதிலா பீங்கான் ஒடசலைக் கொட்டுப்பா"ன்னு கொத்தனார் ஆறுமுகத்துக்கிட்ட சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன். பீங்கான் சூளைங்க நெறைஞ்ச நம்ம விருத்தாசலத்துல ஒடசலுக்கா பஞ்சம்! திரும்பி வந்து ரெண்டு குடம் ஊத்திப் பாத்தா, தண்ணி அப்படியே நிக்குது. ஆறுமுகம் கொட்டினது சூளைக்கே போகாத ஒடசல். அத்தனையும் கரைஞ்சு சேறாகி அடைச்சிக்கிச்சு. எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. "ஏன்யா, சுட்டதா சுடாததான்னு பாக்க மாட்டியா?"ன்னு கத்தினேன். ஆளு அசரவே இல்ல. "ஒடசல்னுதான சொன்னீங்க? சுட்ட ஒடசல்னு சொன்னீங்களா?"

வந்துச்சு பாருங்க

மறுநாள் பூரா சேத்தை வாரி வெளிய கொட்டினோம். ஒவ்வொரு ஒடசலையும் தட்டிப் பாத்து, ணங்குனு கேட்டாத்தான் குழியில போட்டோம். முடிக்கிறதுக்கும் மானம் இருட்டிக்கிட்டு வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. ஐயோ, என்னா மழை! தெருத்தண்ணி குபுகுபுன்னு வந்துச்சு. அது குழிக்கிட்ட வந்து ஒரு சுத்து சுத்தி, மடக்கு மடக்குன்னு உள்ள எறங்கிடுச்சு. கொட்டாய் வாசப்படியைத் தொடவே இல்ல. சந்தோஷத்துல குதிக்கணும் போல இருந்துச்சு. குதிச்சேன். செல்வி தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஓடியாந்தா. "அண்ணே, பொம்மை ஒண்ணுகூட நனையல, நாந்தான் நனைஞ்சேன்!"

மண்ணுக்குள்ள மறைஞ்சு போற வேலையை யாரு பாக்கப் போறாங்கன்னு இருந்தேன். இப்ப மழை வந்தா அந்தத் தெருவே குடையைப் புடிச்சிக்கிட்டு என் குழியைத்தான் வேடிக்கை பாக்குது.