மிலிட்டரிக்காரரின் ஏர் கிளீனர்

வியாபாரத்தில் எனக்கு ஒரு திமிர் உண்டு. தேவையில்லாத சாமானை யார் தலையிலும் கட்ட மாட்டேன். பாலக்கரையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்துக்கொண்டு பொய் சொல்லாமல் இருபது வருஷம் பிழைத்துவிட்டேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில் பரக்கத் அலியாகிய எனக்கு அத்தனை சந்தோஷம். அந்தத் திமிரால்தான் ஒரு மனிதரின் பேச்சுத்துணையைப் பிடுங்கினேன். அவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெயர் சகாயநாதன். கடைத்தெருவில் எல்லாருக்கும் மிலிட்டரிக்காரர். இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் அசாம் பக்கம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அவர் அங்கே காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது, இங்கே மேலப்புதூரில் அவருடைய மனைவி லூர்துராணி டைபாய்டில் போய்விட்டார். தந்தி அவர் கைக்குக் கிடைத்தபோது அடக்கம் முடிந்து பத்து நாள். குழந்தை இல்லை. ஊர் திரும்பியவர் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுப் பக்கமே போகவில்லை. பட்டாளம் ஏலம் விட்ட பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், தண்ணீருக்கு ஒரு டிரம், மாதா படம் ஒன்று. அதிலேயே குடியேறிவிட்டார். மன்னார்புரத்தில் பாக்கியநாதன் என்ற சிநேகிதரின் காலிமனையில் வண்டி நின்றது. வாடகை கேட்கவும் ஆளில்லை, வா என்று கூப்பிடவும் ஆளில்லை.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லாரி டிரைவர் வேலை கிடைத்தது. அங்கே பேச ஆயிரம் பேர். சங்கு ஊதியதும் சைக்கிள்கள் ஆறாக ஓடும் இடம் அது. அந்தக் கூட்டத்தோடு பேசிச் சிரித்துவிட்டு ராத்திரி வண்டியில் வந்து படுத்தால் தனிமை தெரியாது. 1963 ஜூனில் ரிட்டையர் ஆனார். பாக்கியநாதனும் மகனோடு மதராஸுக்குப் போய்விட்டார். அடுத்த மாதத்திலிருந்து சகாயநாதன் என் கடைக்குத் தவறாமல் வர ஆரம்பித்தார்.

அவர் வண்டிக்கும் என் கடைக்கும் ஒரு பொருத்தம் இருந்தது. என் அத்தா பட்டாள ஏலத்தில் யோசிக்காமல் எடுத்துப் போட்ட மரப்பெட்டி ஒன்று கடைக்குப் பின்னால் கிடந்தது. உள்ளே நூறு ஏர் கிளீனர் வலைகள். இஞ்சின் உறிஞ்சும் காற்றிலிருந்து புழுதியைப் பிடித்து வைக்கும் கம்பி வலை. எண்ணெயில் தோய்த்து மாட்ட வேண்டும். ஒவ்வொன்றும் மெழுகுத்தாள் சுற்றி, தனித்தனி அட்டைப்பெட்டியில். திருச்சி ஜில்லாவில் அது பொருந்தக்கூடிய வண்டி அவருடையது ஒன்றுதான். வருஷத்துக்கு ஒன்று வாங்கிக்கொண்டிருந்தவர், ரிட்டையர் ஆனதும் மாதம் ஒன்று வாங்கினார்.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. பஸ்ஸில் வந்து இறங்குவார். வெளுத்த காக்கிச் சட்டை, சவரம் செய்த முகம். கடையில் ஒரு மர பெஞ்சு உண்டு. மற்றவர்கள் ஒன்றும் வாங்காமல் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார்கள். இவர் அப்படி இல்லை. வாங்காத கடையில் உட்காருவது அவருக்கு மரியாதைக் குறைவு. முதலில் வலையை வாங்குவார். பிறகுதான் பெஞ்சு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, டிக்கெட் வாங்கிய பிரயாணி மாதிரி நிம்மதியாக உட்காருவார். நான் இரண்டு டீ சொல்வேன்.

"என்னண்ணே, போன மாசம் வாங்கினது அதுக்குள்ள அடைச்சிருச்சா?" என்பேன்.

"பச்சைமலை போயிருந்தேன் பாய். பஸ்ஸே சரியா போகாத ரோடு. புழுதின்னா புழுதி, அப்படி ஒரு புழுதி."

பிறகு பச்சைமலை வரும். மலையில் யாரோ வண்டியை நிறுத்தி மரவள்ளிக்கிழங்கு கொடுத்த கதை வரும். அடுத்த மாதம் ஸ்ரீரங்கம். கொள்ளிடக் கரையில் வண்டியை நிறுத்திப் படுத்தாராம், விடியும்போது கோயில் மணி கேட்டதாம், மணல் காற்றில் வலை பாழாம். அதற்கடுத்த மாதம் வேளாங்கண்ணி. நான் பில் போட்டுக்கொண்டே உம் கொட்டுவேன். சில நாள் அலுப்பாகவும் இருக்கும், அதை மறைப்பானேன். ஒரு மணி நேரம் பேசுவார். வாரம் முழுக்க, மாதம் முழுக்க அவருக்குக் கிடைத்த பேச்சு அந்த ஒரு மணி நேரம்தான் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. வண்டியை ஏன் கடைக்கு ஓட்டிக்கொண்டு வருவதில்லை என்று ஒரு தடவை கேட்டேன்.

"பாலக்கரைக் கூட்டத்துல எங்க கொண்டாந்து நிறுத்துறது பாய்?" என்றார். அதுவும் நியாயம்தானே என்று விட்டுவிட்டேன்.

1965 மார்ச் நாலாம் தேதி. அன்று கடையில் லாரி மெக்கானிக் ஒருவன் நின்றான். சகாயநாதன் வலை கேட்டதும் அவன் சிரித்தான்.

"மாசம் ஒரு வலையா? பாய், பழைய சரக்க நல்ல ஆள் பாத்துத்தான் தள்ளுறீங்க."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அவன் போன பிறகும் ஆறவில்லை. நானா தள்ளுகிறேன்? சகாயநாதன் பெட்டிக்குக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. என் திமிர் வேலை செய்ய ஆரம்பித்தது.

"அண்ணே, இதை நீங்க வாங்கவே வேண்டாம். உங்ககிட்ட இருக்குற பழசே பத்து வருஷம் வரும். எப்படின்னு பாருங்க" என்று ஒரு வலையைப் பிரித்தேன். தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். வலையை முக்கி எடுத்து, உதறி, காயவைத்து, இஞ்சின் ஆயிலில் தோய்த்துக் காட்டினேன். பள்ளிக்கூட வாத்தியார் தோற்றார். "அவ்வளவுதான். வண்டியில பட்டாம்பூச்சி நட்டைக் கழட்டுங்க, இதை வச்சு மூடுங்க. நீங்களே வீட்டுல பண்ணிக்கலாம்."

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"இவ்வளவுதானா பாய்?"

"இவ்வளவேதாண்ணே. இனிமே இதுக்காக நீங்க பஸ் ஏறி என் கடைக்கு வரவே வேண்டாம்."

பெஞ்சைப் பார்த்தார். உட்காரவில்லை. "அப்போ போயிட்டு வரேன் பாய்" என்று இறங்கிவிட்டார். அவர் போன பிறகு இரண்டு டீ வந்தது. இரண்டையும் நானே குடித்தேன். ஒரு மனிதருக்கு உபகாரம் செய்த நிறைவோடு குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் முதல் வியாழன் வரவில்லை. மே மாதமும் இல்லை. வெயில் காலம், எங்கேயாவது வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். ஜூனிலும் வராதபோது வீட்டில் மஜீதாவிடம் சொன்னேன், "அந்த மிலிட்டரிக்காரர் ஏன் கடைப்பக்கமே வர மாட்டேங்குறார்?"

"கடைக்கு வரவே வேண்டாம்னு சொன்னதா நீங்கதான பெருமையா வந்து சொன்னீங்க. இப்ப வரலையேன்னு கேக்குறீங்க" என்றாள் என் மனைவி.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மன்னார்புரம் போனேன். அந்த மனைக்கு அதற்கு முன் நான் போனதே இல்லை.

ஆம்புலன்ஸ் நின்றது. நான்கு டயரும் காற்றில்லாமல் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தன. முன்சக்கரத்தில் பீர்க்கங்கொடி ஏறி, பானெட் முழுக்கப் படர்ந்து, பூத்துக் காய்த்திருந்தது. அந்த வண்டி பச்சைமலைக்கும் போகவில்லை, ஸ்ரீரங்கத்துக்கும் போகவில்லை. அது நகர்ந்தே பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். என் சைக்கிள் சத்தம் கேட்டுச் சகாயநாதன் பின்கதவைத் திறந்தார்.

"பாய்!" என்றார். குரல் கரகரத்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். இருமிச் சரிசெய்துகொண்டு மறுபடி, "வாங்க பாய், வாங்க" என்றார்.

உள்ளே உட்கார வைத்தார். ஸ்டவ்வில் காப்பி போட்டார். டம்ளர் ஒன்றுதான் இருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனக்குத் தூக்குப் பாத்திரத்தின் மூடியில் ஊற்றிக்கொண்டார். குனிந்து டம்ளரைக் கீழே வைக்கும்போது கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். என் கடை அட்டைப்பெட்டிகள். வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்றாக. பிரிக்கவே இல்லை. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். போர்வையை இழுத்து ஓரத்தில் தொங்கவிட்டார்.

"வண்டி எப்படிண்ணே போகுது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நல்லா போகுது பாய். போன வாரம் முசிறி வரைக்கும்..." என்றவர் மூடியிலிருந்த காப்பியை ஊத ஆரம்பித்தார்.

"வலைய மாத்தினீங்களா?"

"இல்ல. இன்னிக்குத்தான் மாத்தலாம்னு இருந்தேன்."

உடனே எழுந்தார். ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பீர்க்கங்கொடியை ஒடியாமல் தூக்கி ஒதுக்கிவிட்டு பானெட்டைத் திறந்தார். நட்டைத் திருகி, மூடியை எடுத்து, பழைய வலையைத் தூக்கினார். அடியில் எண்ணெய் களிம்பாக உறைந்திருந்தது. துணியால் வழித்தார். ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். புது வலையை ஆயிலில் தோய்த்து, வடியவிட்டார். அவருடைய விரல்களில் ஒரு தயக்கமும் இல்லை. வலைக்கு அடியிலிருக்கும் கிண்ணத்தில் ஆயிலை ஊற்றி, அதில் போட்டிருந்த ஒரு கோட்டில் நிறுத்தினார். அந்தக் கோட்டை நான் கடையில் சொல்லவே இல்லை. எனக்கே அது ஞாபகம் இருக்கவில்லை.

"இதுக்கு மேல ஊத்தினா இஞ்சின் ஆயிலக் குடிச்சிடும் பாய். புகையாத் தள்ளும். அசாம்ல தினம் ரெண்டு தடவை அலசுவோம். ஒரே வலைய வச்சு மூணு வருஷம் ஓட்டினேன்."

சொல்லிவிட்டு நின்றுபோனார். நட்டு கையிலேயே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மண்ணெண்ணெயில் அலசும் வித்தையை நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேனாம்! இருபது வருஷத்துக்கு மேலாக அவருக்குத் தெரிந்த வித்தையை அன்று பொறுமையாக நின்று கேட்டிருக்கிறார்.

பொய் சொல்லாத வியாபாரி நான். அன்று சொன்னேன்.

"அது பட்டாள பெட்ரோல்ல அலசினதுண்ணே. இப்ப வர்ற மண்ணெண்ணெய் சரியில்ல, வலைய அரிச்சிடுது. நான்தான் அன்னிக்கு ஏதோ கோவத்துல தப்பா சொல்லிட்டேன். நிக்கிற வண்டியானாலும் மாசாமாசம் மாத்திடுறதுதான் நல்லது."

நட்டை மாட்டி மெதுவாக முறுக்கினார். "அப்படியா பாய்?"

"ஆமாண்ணே."

பானெட்டை மூடிக் கொடியைப் பழையபடி எடுத்துப் போட்டார். "இப்ப ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பெட்ரோல் வீண்" என்றார்.

"வேண்டாம்ணே, வீண்தான்" என்றேன்.

"அடுத்த மாசம் மொத வியாழக்கிழமை வரேன் பாய்."

ஜூலை முதல் தேதி, வியாழன், நாலு மணிக்கு வந்தார். வலையை வாங்கினார். பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முசிறிக் கதையை முழுசாகச் சொன்னார். நான் பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

1967 பிப்ரவரி இரண்டாம் தேதி நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று, வரவில்லை. இந்தத் தடவை நான் மூன்று மாதம் காத்திருக்கவில்லை. டீயைக் குடிக்காமல் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். கட்டிலில் படுத்தபடியே போயிருந்தார். முதல் நாளே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். காக்கிச் சட்டை துவைத்து மடித்துத் தலைமாட்டில் இருந்தது. மாதா கோயிலிலிருந்து சாமியாரும் நான்கைந்து பேரும் வந்தார்கள். குழிக்கு மண் போட்டவர்களில் நானும் ஒருவன்.

மதராஸிலிருந்து வந்த பாக்கியநாதன் வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்தார். பெட்டிகளை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார். ரிட்டையர் ஆன பிறகு வாங்கியவை, முப்பத்தொன்பது. பிரித்தது ஒன்றே ஒன்று, நான் போயிருந்த அன்று மாட்டியது.

ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் பென்சிலால் எழுதியிருந்தது. முதலில் வாங்கிய தேதி. அதற்குக் கீழே இரண்டொரு வரி. 'பாய் மகள் ஜஹானாராவுக்குக் காது குத்து. ஒரு மணி பத்து நிமிஷம்.' 'பாய்க்குப் பல்வலி. அதிகம் பேசவில்லை.' 'மழை. கடையில் வேறு யாரும் இல்லை. நல்ல பேச்சு.' 1965 ஜூலை ஒன்று என்று தேதியிட்ட பெட்டியில், 'பாய்க்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. டீயில் சர்க்கரை அதிகம்' என்று இருந்தது. அதைப் படித்ததும் சிரித்தேன். மஜீதா வந்து பார்க்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

பிறகு எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கடை அலமாரியில் அடுக்கினேன். 1965 பிப்ரவரி பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினேன். ஜூலைதான் இருந்தது. மார்ச்சில் நான் பாடம் நடத்தினேன். ஏப்ரல், மே, ஜூனுக்குப் பெட்டி இல்லை. அந்த மூன்று மாதம் அவர் யாரோடும் பேசவில்லை.