கறையும் போச்சு, பிணமும் போச்சு

கடைக் கவுண்டரில் உட்காருகிற வேலையில் பொருளை விற்பது கால்வாசிதான். விற்ற பொருள் திரும்பி வரும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பது முக்கால்வாசி. நீங்களும் எங்கேயாவது கவுண்டரில் உட்கார்ந்தவர்களாக இருந்தால், நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

வாய் திறக்காத தகுதி

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிறது எங்கள் கடை. சிடி, ரிமோட், சார்ஜர் எல்லாம் விற்போம். பழைய கல்யாணக் கேசட்டை பென் டிரைவில் ஏற்றியும் தருவோம். எட்டாவதோடு நின்றவள் நான். மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வேலை கேட்டுப் போனேன். முதலாளி கேட்ட மூன்று கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு வெளியாள் முன்னால் சத்தம் வராது.

வேலை கிடைக்காது என்று திரும்பி நடந்தேன். பின்னால் அவர் தன் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "இதுதான் சரியான ஆளு. குறை சொல்ல வர்றவன் பேசிப் பேசி அவனே ஓய்ஞ்சு போயிடுவான்."

ஐந்தாவது கதை

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் அந்தப் பெட்டி வந்தது. ஒரு காலத்தில் ஊர் ஊராக ஜனங்களை டிவி முன்னால் உட்கார வைத்த துப்பறியும் தொடர், இப்போது பன்னிரண்டு சிடியாக. அட்டையில் தங்க எழுத்தில் 'புத்தம் புதுத் துல்லியத்தில்' என்று போட்டிருந்தது.

முதல் பெட்டியை வாங்கியவர் உடையார்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ராசாம்பாள் அம்மா. அவருக்கு வேண்டியது ஐந்தாவது கதை மட்டும். அந்தக் கதையை அவர்கள் ஊர் முந்திரிக்காட்டில் எடுத்தார்களாம். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த அவர் வீட்டுக்காரரைப் பிடித்து, பிணமாகப் படுக்க வைத்துவிட்டார்கள். டிவியில் வந்தபோது வயிறு ஏறி ஏறி இறங்கியதைப் பார்த்து ஊரே கேலி பண்ணியதாம். அந்த மனுசர் போய் இரண்டு வருசம் ஆகிறது. வீட்டில் மாட்டியிருக்கிற போட்டோவில் விறைப்பாக நிற்கிறாராம். அவர் மூச்சு விடுகிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

நான்காம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தார். கடை டிவியில் போட்டுப் பார்த்தோம். துப்பறிகிறவர் குந்தி உட்கார்ந்து கீழே ஏதோ பார்க்கிறார், உச்சுக் கொட்டுகிறார், "பாவம், நல்ல மனுஷன்" என்கிறார். கீழே ஒன்றுமில்லை. பழைய டிவி சதுரம், இப்போதைய டிவி நீளம். திரை நிறையட்டும் என்று கம்பெனி மேலேயும் கீழேயும் கத்தரித்துவிட்டது. மேலே போனது அவர் தொப்பி, கீழே போனது பிணம். பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று முதலாளி போர்டைக் காட்டினார். ராசாம்பாள் அம்மா அவரைப் பார்க்கவே இல்லை, என்னிடம்தான் கேட்டார்: "பொணத்தையே காணலன்னா, அந்தாளு எதுக்கும்மா துப்பறியுறாரு?"

காது முந்திக்கொண்டது

அடுத்து பூலாம்பாடியிலிருந்து ஒரு மிளகாய் வியாபாரி. அவருக்கு வந்த பெட்டியில் பேச்சு முன்னால் ஓடுகிறது, வாய் பின்னால் அசைகிறது. கடைசிக் காட்சியில் எல்லாரும் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே "ஐயோ, நான்தான் கொன்னேன்" என்று அழுகுரல் கேட்கிறது. யார் அழுதது என்று இவர் வீட்டில் எழுந்து உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

சிரிப்பை அடக்க முடியாமல் நான் மேசைக்குக் கீழே குனிந்து ரப்பர் பேண்டு தேடினேன். அவர் கோபப்படவும் இல்லை, யோசனையாகச் சொன்னார்: "காதுக்கு ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. கண்ணு மட்டும் இன்னும் விசாரிச்சுக்கிட்டு இருக்குது."

வெள்ளைச் சட்டை

எங்கள் தெருமுனையில் துணி துவைத்து இஸ்திரி போடுகிற கோவிந்தன் அண்ணன் அந்தத் தொடரை மனப்பாடமாகச் சொல்வார். அவரும் ஒரு பெட்டி வாங்கிப் போயிருந்தார். எட்டாவது கதையில் கொலைகாரன் பிடிபடுவதே சட்டையில் இருக்கிற வெற்றிலைக் கறையால்தான். கம்பெனி பழைய படத்தில் இருந்த புள்ளி, தூசி எல்லாவற்றையும் துடைத்திருக்கிறது. கூடவே வெற்றிலைக் கறையையும் துடைத்துவிட்டது. "இந்தக் கறைக்கு என்ன பதில்?" என்று துப்பறிகிறவர் விரலை நீட்டுகிறார். பளபளவென்று வெள்ளைச் சட்டை. அதைப் பார்த்து அவன் உண்மையை ஒப்புக்கொள்கிறான்.

கோவிந்தன் அண்ணன் சிடியைக் கவுண்டரில் வைத்தார். "முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், வெத்தலைக் கறை முழுசாப் போனதில்ல. அவனுங்க என்ன சோப்பு போடுறானுங்கன்னு கேட்டுச் சொல்லும்மா."

முக்கியமான ஆளுங்க

ராசாம்பாள் அம்மா கேட்டதுதான் எனக்கு மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருநாள் முதலாளி சாப்பிடப் போன நேரம், பெட்டியில் இருந்த கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். மணி அடித்ததும் இரண்டு தடவை கட் பண்ணிவிட்டேன். மூன்றாவது தடவை பேசினேன். கடைக்கு வந்த பிறகு நான் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியது அன்றைக்குத்தான்.

கீழே படுத்திருந்தவரைக் காணோம் சார் என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் விளக்கினார்: "ஓரத்துல இருந்ததைத்தாம்மா வெட்டியிருக்கோம். முக்கியமான ஆளுங்க எல்லாரும் உள்ளதான் இருக்காங்க."

ஏறி இறங்கிய வயிறு

கறை நிஜமாகவே இருந்தது என்று நிரூபிக்க, கோவிந்தன் அண்ணன் அன்று சாயங்காலம் ஒரு பழைய வீடியோ கேசட்டைத் தூக்கி வந்தார். டிவியில் ஓடும்போதே அவர் பதிந்து வைத்தது. கல்யாணக் கேசட் மெஷினில் போட்டோம். கோடு கோடாக ஓடியது. நடுவில் பற்பசை விளம்பரம். ஆனால் கறை இருந்தது. அப்படியே பின்னால் ஓட்டச் சொன்னேன். ஐந்தாவது கதையும் அதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ராசாம்பாள் அம்மாவை வரச் சொல்லி ஸ்டூல் போட்டேன். துப்பறிகிறவர் முகமே சரியாகத் தெரியவில்லை. கீழே முந்திரிச் சருகு மேல் ஒரு மனுசர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கிறார். வயிறு ஏறுகிறது, இறங்குகிறது. நான்கு மூச்சு. அதற்குள் காட்சி மாறிவிடும். அந்த அம்மா திருப்பிப் போடச் சொன்னார், மறுபடியும் திருப்பிப் போடச் சொன்னார். முதலாளிகூட ரிமோட்டைக் கேட்கவில்லை. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மூச்சை அடக்குய்யான்னு அன்னிக்கு அத்தனை பேரும் கத்துனாங்களாம். நல்லவேளை, எங்கூட்டு மனுசன் யாரு பேச்சையும் கேக்க மாட்டாரு."

இப்போதெல்லாம் படம் தெளிவாக இருக்குமா என்று யாராவது கேட்டால், தெளிவாகத்தான் இருக்கும், உங்களுக்கு வேண்டிய ஆள் உள்ளே இருக்கிறாரா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள் என்று வாயைத் திறந்தே சொல்லிவிடுகிறேன், அதுவும் முதலாளி சாப்பிடப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து.