வெள்ளைத் துணி சுற்றிய கல்

ஊர் காட்டுபவளை நம்பி எவரும் பின்னால் வருவதில்லை. வழி தெரியாத காரணத்தினாலேயே வருகின்றனர். வெளியூர் உறவினரை ஒருநாளேனும் அழைத்துச் சென்று, "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்கப்பெற்றுத் திரும்பியவர்கள் என் துன்பத்தை அறிவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கண்டியில் பெண்கள் தங்கும் விடுதியொன்றின் விருந்தினருக்கு ஊர் காட்டுவது என் தொழிலாயிருந்தது. தலதா மாளிகைக்கும் வாவிக்கும் எவரும் அழைத்துச் செல்லலாம். எனக்கெனத் தனியே ஓரிடம் இருந்தது: நகரின் விளிம்பில், சரிவான நிலத்தில், மலாய் முஸ்லிம்களை அடக்கும் ஒரு மையவாடி.

கண்டியைப் பிடிக்க வெள்ளையர் வந்தபோது அரசனின் பக்கம் நின்று போரிட்ட மலாயர் உண்டு. வெள்ளையர் படையிலும் மலாயர் இருந்தனர். "இந்தப் பக்கம் வந்துவிடு" என்று சொந்த இனத்தாரே அழைத்தும் போகாத தலைவர் ஒருவர் அங்கே அடங்கியிருப்பதாகக் கூறுவர். மதிப்புக்குரியவரின் தலைக்கல்லில் வெள்ளைத் துணி சுற்றுவது அவர்கள் வழக்கம். அந்த மையவாடியின் மேட்டில் ஒரே ஒரு கல்லில் மட்டும் அத்துணி இருந்தது.

திறப்பு வைத்திருந்தவர்

மையவாடி வாசற் படலையின் பூட்டுக்குரிய திறப்பு துவான் ஸாலி என்பவரின் இடுப்புப் பட்டியில் தொங்கும். அவர் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். முதல்நாள் நான் சென்றபோது படலையைத் திறவாமலே விசாரணையைத் தொடங்கினார். யார் அனுப்பியது, எதற்காக, பார்த்தபின் யாரிடம் போய்ச் சொல்வேன் என்று கேட்டார். கற்ற பெண்ணுக்குரிய நிதானத்துடன், ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியத்தில் விடை கூறினேன். அந்த நிதானமே எனக்கு எதிரான சாட்சியாயிற்று.

"நான் பிடிச்ச கள்ளன்களும் உங்கள மாதிரித்தான் மிச்சம் ஒழுங்காப் பேசினாங்க, மிஸ்ஸி" என்றார்.

பல வாரங்கள் சென்றபின்னரே படலை திறந்தது. அப்போதும் அவர் எனக்குப் பின்னால்தான் நடந்தார்.

துரைசாணியின் குடை

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி வந்தாள். குடையின் நுனியால் அந்தத் துணியைத் தூக்கிப் பார்க்க முனைந்தாள். துவான் ஸாலி குடைக்கும் கல்லுக்கும் நடுவில் போய் நின்றார். அவர் பழைய பொலிஸ்காரர் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அவள் என்னிடம் ஆங்கிலத்தில், "நம்மைச் சுட்டவனின் குழிக்குக் காவல் நிற்கும் இவனை எந்த மடையன் பொலிசில் சேர்த்தான்?" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார். இடத்தைத் துப்புரவாக வைத்திருக்கிறீர்களாம் என்று மொழிபெயர்த்தேன். இத்தனை காலம் வெள்ளைக்கார அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்தவருக்கு ஆங்கிலம் தெரியாதிருக்குமா என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. துரைசாணியின் மோட்டார் புறப்பட்டபின் படலையைப் பூட்டிக்கொண்டே சொன்னார்:

"அவ சொன்னது அது இல்ல, மிஸ்ஸி. ஆனா நீங்க சொன்னதையே நான் வெச்சுக்கிறேன்."

உண்டியல் இல்லாத இடம்

அலவத்துகொடையிலிருந்து ஒரு கடை முதலாளி மனைவியுடன் வந்திருந்தார். துஆ ஓதி வேண்டிக்கொண்டபின், பெரியோர் அடங்கிய ஸியாரங்களில்போல் காணிக்கை போடச் சுற்றுமுற்றும் தேடினார். "உண்டியல் எங்க ஈக்கி?" என்றார். அப்படி ஒன்றில்லை என்றேன். அவருடைய முகம் மாறியது. "உண்டியல் இல்லாத ஸியாரமா? அப்ப இதுல என்னமோ சூது ஈக்கி!"

அவருடைய மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினார். "ஒங்களுக்குக் காசு கேட்டாலும் சந்தேகம், கேக்காட்டியும் சந்தேகம். வாங்க போவோம்!"

சிவப்பு முளைகள்

மோட்டார்கள் பெருகவே அந்தத் தெருவை அகலிக்க முடிவாயிற்று. ஒரு பக்கம் மையவாடி; எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தரின் பங்களாத் தோட்டம். ஒரு காலை மையவாடியின் கீழ்மூலையைச் சுற்றிச் சிவப்பு முளைகள் அடிக்கப்பட்டிருந்தன. அடித்தவர் யாழ்ப்பாணத்து நில அளவையாளர். முன்னொருநாள் தம் மனைவியுடன் வந்து என் துணையுடன் அவ்விடத்தைப் பார்த்துச் சென்றவர். நல்ல மனிதர். எனக்கு நன்மை செய்துவிட்ட மகிழ்ச்சியுடனேயே பேசினார்.

"ஓம் தங்கச்சி, மேல துணி சுத்தின கல்லுக்கு ஒண்டும் நடவாது. அதுக்காகத்தான் தெருக்கோட்டைக் கீழால வளைச்சனான். கீழ்மூலைக் கல்லுகள் பேரில்லாததுகள்தானே?"

மேட்டில் படுத்தவர்

நற்செய்தி என்று எண்ணித் துவான் ஸாலியிடம் ஓடிப்போய்க் கூறினேன். அவர் படலையருகே அப்படியே குந்திவிட்டார். நெடுநேரம் என் முகத்தையே ஆராய்ந்தபின், தம் குடும்பத்துக்கு வெளியே எவரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். கண்டி விழுந்தபின், பகைவர் வந்து தலைவரின் குழியைத் தோண்டிவிடுவர் என்ற பயம் இருந்ததாம். தலைவருக்குப் பணிபுரிந்த ஒருவர், தாம் இறந்ததும் தம்மை மேட்டில் அடக்கித் தம் கல்லிலேயே துணியைச் சுற்றுமாறு கேட்டுக்கொண்டாராம். அவர் துவான் ஸாலியின் மூத்தாப்பா, அதாவது பாட்டனார். தலைவர் கிடப்பது கீழ்மூலையில்.

அளவையாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். "அரசாங்க ஆளுக்கிட்டயா?" என்றார். ஆயினும் முளைகள் அங்கேதான் இருந்தன, மண்வெட்டிகளும் வந்திறங்கிவிட்டன. மறுநாள் துவான் ஸாலி என்னையும் அருகில் நிறுத்திக்கொண்டு அளவையாளரிடம் சொன்னார். அளவையாளர், முஸ்லிம் மூத்தவரை அழைக்கும் முறையில் அவரை "நானா" என்று விளித்துச் சிரித்துவிட்டார். "நேற்றுவரைக்கும் மேல கிடந்த தலைவர் இண்டைக்குக் கீழ இறங்கிட்டாரோ? நாளைக்கு எந்தப் பக்கம் போவார், நானா? தெருவை மறிக்க ஆர் உங்களுக்கு இந்தக் கதை சொல்லித் தந்தது?" அவருடைய பார்வை என் பக்கம் திரும்பியது. என் வாழ்நாளில் நான் துணைநின்று சொன்ன மிகப் பெரிய உண்மை, மிக மலிவான பொய்யைப்போல் ஒலித்தது.

துவான் ஸாலி வாதாடவில்லை. மேட்டுக்கு ஏறி, துணியை அவிழ்த்து, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வெறுங்கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார். "இது என்ட மூத்தாப்பா. கோட்ட இங்கால வளைங்க, ஐயா. இவர எடுத்துக்கொள்ளுங்க, இதுக்கெண்டுதான் இவர் இங்க படுத்தவர். கீழ கைவைக்காதீங்க. அதில எந்தக் கல் எண்டு மட்டும் உங்களுக்கும் சொல்லமாட்டேன், மிஸ்ஸிக்கும் சொல்லமாட்டேன்."

தப்பிவிட்ட சொந்தப் பாட்டனின் குழியை ஒரு பொய்க்காக எவன் வலிய வந்து கொடுப்பான்? அளவையாளர் தொப்பியைக் கழற்றினார். மேட்டையும் மூலையையும் பார்த்தார்; பின்னர் தெருவின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். கீழிறங்கித் தம் கையாலேயே முளைகளைப் பிடுங்கிக்கொண்டு தெருவைக் கடந்து பங்களாத் தோட்டத்துள் நுழைந்தார்.

"துரையின்ர ரோசாச் செடியளுக்கும் பேரில்லைத்தானே, நானா!"

பழைய இடத்தில் துணி

அடுத்த கிழமை விருந்தினருடன் சென்றபோது துணி மீண்டும் மேட்டுக் கல்லிலேயே இருந்தது. நான் துவான் ஸாலியைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். எனவே, தலைவர் இங்கேதான் அடங்கியிருக்கிறார் என்று முழு வாக்கியத்தில், மிகத் தெளிவாக, மேட்டைச் சுட்டிக் கூறினேன். கம்பளையிலிருந்து வந்திருந்த வயதான அம்மையார் அக்கல்லின்முன் கைகூப்பிவிட்டு, என் தோளைத் தட்டினார்.

"ஒங்க மொகத்தைப் பாத்தாலே தெரியுதும்மா, நீங்க பொய் சொல்றவங்க இல்லன்னு."

ஊர் காட்டிய காலம் முழுவதிலும் ஐயமின்றி என்னை நம்பியவர் அந்த அம்மையார் ஒருவரே. தெரிந்துகொண்டே தவறான கல்லை நான் முதன்முதலாகக் காட்டியதும் அவருக்கே.